அட்மிரல் வண்டிக்கு நான் போட்ட ஒட்டு

எனக்குக் கோபம் வராதுங்க. வர வைக்கிறாங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் எங்க வீட்டுல ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. ஒத்துக்காதபோது எனக்குக் கோபம் வருது. இப்ப அது யார் தப்பு, நீங்களே சொல்லுங்க.

நான் பைபர் கிளாஸ் வேலை செய்யிறவன். கண்ணாடி நாரை ரெசின்ங்கிற பசையில ஊற வச்சு இறுக விட்டா கல்லு மாதிரி ஆயிடும். தண்ணித் தொட்டி, குளிக்கிற தொட்டி, வெயில் மறைக்கிற கூரை, ஒரு பல் டாக்டர் தன் வாசல்ல நிறுத்தக் கேட்ட ஆளுயரக் கடைவாய்ப்பல்லு, எல்லாம் இந்தக் கையால வந்ததுதான். இருபத்திரண்டு வருஷம். நான் செஞ்ச தொட்டி ஒண்ணுகூட இதுவரைக்கும் ஒழுகினதில்ல. ஒழுகுதுன்னு சொன்னவங்க உண்டு. போய்ப் பார்த்தா குழாய்தான் ஒழுகும். அதுக்கப்புறம் அவங்க என்னைக் கண்டா அடுத்த தெருவுல திரும்பிடுவாங்க. அந்த அளவுக்கு விளக்கமா எடுத்துச் சொல்லிட்டுத்தான் நான் வருவேன்.

பட்டறையில என்னோட வேலை பாக்குறது ஒரே ஆள், பெயிண்டர். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர். காலையில "வந்துட்டேன்", சாயங்காலம் "வரேன்", நடுவுல நாலஞ்சு "சரி". அவ்வளவுதான் அவர் பேச்சு. தங்கமான மனுஷன், அமைதியான சுபாவம்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லுவேன்.

இப்ப அட்மிரல் விஷயத்துக்கு வரேன். அட்மிரல்னதும் கப்பல் படையில இருக்கிறவர்னு நினைச்சுடாதீங்க. என் பெண்டாட்டியோட தம்பி. ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்கிற கடை வச்சிருக்கான். போன வருஷம் வரைக்கும் முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதில்ல. திடீர்னு ஒருநாள் யாரோ வேண்டாம்னு கழிச்சுவிட்ட ஜெட் ஸ்கி ஒண்ணை வாங்கிட்டு வந்து எங்க வாசல்ல நிறுத்தினான். தண்ணி மேல ஓடுற மோட்டார் பைக்னு வச்சுக்குங்க. ஹேண்டில்பார் உண்டு, ரெண்டு பேர் உட்கார சீட்டு உண்டு, சக்கரத்துக்குப் பதிலா படகு மாதிரி ஒரு வயிறு. பிரேக் மட்டும் கிடையாது. அன்னைக்கிலேர்ந்து அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டுறதில்ல. ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனாலும் அதோடதான் போறான். எங்க வீட்டுக் கூடத்துல நின்னுக்கிட்டு, "காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அத்தான்?"னு கேக்குறான். மின்விசிறிப் பக்கம்னு சொன்னேன். அன்னைக்கு வச்ச பேருதான் அட்மிரல். அவனுக்கும் உள்ளூர சந்தோஷம்தான்.

அந்த வண்டியில ஒரு சங்கதி இருக்கு. வேகம் கொடுக்கிற விசையை விட்டா அது திரும்பாது. பின்னாடி பீச்சியடிக்கிற தண்ணிதான் அதைத் திருப்புது. விசையை விட்டுட்டு ஹேண்டிலை என்ன முறுக்கு முறுக்கினாலும் நேராத்தான் போகும். வண்டியோட வந்த புத்தகத்துல முதல் பக்கத்துலேயே இதைப் பெரிய எழுத்துல போட்டிருக்கான். அட்மிரல் படம் போட்ட பக்கம் மட்டும் பார்த்திருக்கான். மூணாவது தடவை ஏரியில ஓட்டினப்ப, கரையில நின்ன அக்காவுக்குக் கையை ஆட்டிக்கிட்டே வந்தான். கரை நெருங்கினதும் பயந்துபோய் விசையை விட்டுட்டு ஹேண்டிலை முறுக்கினான். வண்டி பாட்டுக்கு நேரா வந்து, படகு இறக்குற சிமெண்டுச் சரிவுல ஏறி, படகு கிளப் செயலாளர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னாடி போய் நின்னுச்சு. அவர் எழுந்து கை கொடுத்தாராம். வரவேற்கணும்னு தோணியிருக்கு.

அட்மிரல் உடம்புல ஒரு கீறல் இல்ல. வண்டிக்குத்தான் அடிவயித்துல, மூக்குலேர்ந்து ஒரு முழம் தள்ளி, உள்ளங்கை அளவு சிதறிப்போச்சு. சுத்தி நாலா பக்கமும் விரிசல்.

அவன் புதுசா சேர்ந்திருந்த அந்தப் படகு கிளப்புக்கு ரெண்டு வாரத்துல ஆண்டு விழா. ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்கு அட்மிரல் கிளப் கொடியோட ஏரி நடுவுல இருக்கிற மிதவை வரைக்கும் பாய்ஞ்சு போய்ச் சுத்திட்டு வரணும்னு ஏற்பாடு. பின்னாடி உட்கார்ந்து கொடியைப் பிடிக்கப் போறது என் மகள். ஒரே பொண்ணு, காலேஜ்ல ரெண்டாவது வருஷம். மிதவை கிட்ட ஆழம் மூணு ஆள் உயரம். அந்த வேகத்துல அடியில போட்ட ஒட்டு பிரிஞ்சா, வயித்துக்குள்ள தண்ணி புகுந்து மூக்கு சடார்னு உள்ள குத்தும், மேல இருக்கிற ரெண்டு பேரையும் தூக்கி முன்னாடி வீசும். அவங்க மேலயே வண்டி ஏறினாலும் ஏறும். அதனாலதான் கண்டிப்பா சொன்னேன். "வேற எவனும் இதைத் தொடக்கூடாது. என் பொண்ணு உட்காரப் போற வண்டி. நானே செய்யிறேன்."

வேலையில குறை சொல்ல முடியாதுங்க. நாலு பழைய டயர் மேல வண்டியைக் கவிழ்த்துப் போட்டோம். வயித்துக்குள்ள மிதக்கிறதுக்காக நுரைக்கட்டை அடைச்சிருப்பான், அது தண்ணியை உறிஞ்சி ஊறிக் கிடந்துச்சு. அவசரக்காரனா இருந்தா அது மேலயே ஒட்டைப் போட்டு மூடியிருப்பான். நான் மூணு நாள் காத்தாடி வச்சுக் காய வச்சேன். சிதறின துண்டை வட்டமா வெட்டி எடுத்தேன். சுத்தியும் கிரைண்டர் போட்டு, தட்டோட விளிம்பு மாதிரி சரிவா இழைச்சேன். அப்பத்தான் ஒட்டு அகலமா உட்காரும்.

இழைக்கும்போது பறந்த தூசி வழக்கமான தொட்டித் தூசி மாதிரி இல்ல. கறுப்பா, மாவு மாதிரி இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டுத் தட்டிவிட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் அட்மிரல் செல்போனைத் தூக்கிக்கிட்டு வந்தான்.

"அத்தான், ஒரு நிமிஷம். கோபப்படாதீங்க."

இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கேயிருந்துதான் வருமோ தெரியாது.

"சொல்லு."

"இந்த வண்டி அடிப்பக்கம் நம்ம தொட்டி மாதிரி கையால போட்டது இல்லயாம். கம்பெனியில அச்சுல வச்சு, சூடுபடுத்தி அமுக்கி எடுக்கிறதாம். இதுல நீங்க போடுற பாலியஸ்டர் ரெசின் பிடிக்காதாம். பார்க்க ஒட்டின மாதிரி இருக்குமாம், அப்புறம் பிரிஞ்சு வந்துடுமாம். எபாக்ஸிதான் போடணுமாம்."

"யாரு சொன்னா?"

"வீடியோவுல ஒருத்தர்..."

"அவரு எத்தனை தொட்டி செஞ்சிருக்காரு?"

"அவரு ஜெட் ஸ்கிதான்..."

"டேய், நான் ரெசின் கலக்க ஆரம்பிச்சப்ப உனக்கு மூக்குச் சளி துடைக்கத் தெரியாது. திரைச்சீலையில எந்தப் பக்கம் உள்பக்கம்னு இன்னைக்கும் உனக்கு ரெண்டு தடவை பார்த்தாத்தான் தெரியும். நீ எனக்கு ரெசின் சொல்லித் தர்றியா? நாக்கு மேல பல்லைப் போட்டு, என் பட்டறையில நின்னுக்கிட்டு?"

இப்படி ஆரம்பிச்சு ஒரு அரை மணி நேரம் போச்சு. எதிர்க்கடைக்காரர் ரேடியோவை அணைச்சுட்டுக் கேட்டார். பெயிண்டர் ஒரே டப்பாவை அரை மணி நேரமா கலக்கிக்கிட்டு இருந்தார். என் மகள் சாப்பாடு கொண்டு வந்தவ, வாசல்ல கொஞ்ச நேரம் நின்னா, டப்பாவை மேஜையில வச்சா, ஒரு வார்த்தை பேசாம போயிட்டா. பரீட்சை நேரம், அவசரமா இருந்திருக்கும்னு நினைச்சேன்.

உண்மையைச் சொல்லிடுறேன். அலமாரியில எபாக்ஸி டப்பா ஒண்ணு சீல் உடைக்காம இருந்துச்சு. அட்மிரல் போனதுக்கப்புறம் அதை எடுத்துக் கையில வச்சுப் பார்த்தேன். அந்தக் கறுப்புத் தூசியும் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஆனா இதைப் போட்டா, அட்மிரல் சொல்லி நான் கேட்ட மாதிரி ஆயிடுமே. காலம் பூரா சொல்லிக் காட்டுவானே. டப்பாவை இருந்த இடத்துலேயே வச்சுட்டு என் ரெசினைக் கலக்கினேன்.

ஓட்டை வழியா மெல்லிசா ஒரு தகட்டை வளைச்சு நுழைச்சு, கம்பியால இழுத்துப் பிடிச்சு உள்பக்கம் நிறுத்தினேன். அது மேல கண்ணாடி நார் விரிப்பை, நாங்க மேட்டுன்னு சொல்லுவோம், சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் ஆறு அடுக்கு வெட்டிப் போட்டேன். ஒவ்வொரு அடுக்குக்கும் ரெசின் தடவி, உருளை வச்சு ஒரு குமிழி இல்லாம ஓட்டினேன். இறுகினதும் உப்புத்தாள் போட்டு இழைச்சு, பெயிண்டர் மேல்பூச்சா வெள்ளை ஜெல்கோட்டு அடிச்சு, மறுபடி தண்ணி விட்டுத் தேய்ச்சு, மெழுகு போட்டு மெருகேத்தினோம். எங்க ஓட்டை இருந்துச்சுன்னு பெத்தவனுக்கே தெரியாது. குனிஞ்சு பார்த்தா என் முகம் தெரிஞ்சுது. என் முகம் எனக்குப் பிடிச்ச முகம்.

மிச்ச ரெசினை நான் கொட்ட மாட்டேன். அது என் பழக்கம். கலக்கினது அரைக் கிண்ணம் மிஞ்சினாலும் எதையாவது செஞ்சுடுவேன். எங்க வீட்டுல இருக்கிற செடித் தட்டு, துணி மாட்டுற கொக்கி, கதவு அடிக்காம வைக்கிற ஆப்பு, எல்லாம் மிச்ச ரெசின்தான். இந்தத் தடவை, வண்டியிலேர்ந்து வெட்டி எடுத்த அந்த உள்ளங்கைத் துண்டு லேசா குழிஞ்சு வாகா இருந்துச்சு. கிரைண்டர்ல ஒரு இழை இழைச்சு, மேல ரெண்டு அடுக்கு மேட்டு போட்டு, குளியலறைக்கு ஒரு சோப்புத் தட்டு பண்ணினேன். பெண்டாட்டி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா.

வெள்ளிக்கிழமை பெயிண்டர் ஒரு சாவியை வச்சு ஒட்டு மேல டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தார். தட்டிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன, உள்ள யாராவது குடியிருக்காங்களா? கதவைத் தட்டுறீங்க?"

"இல்ல... சத்தம் கொஞ்சம்..."

"சத்தத்துக்கு என்ன?"

"சரி"ன்னார். போய் பிரஷ் கழுவ ஆரம்பிச்சுட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் அட்மிரல் வந்து, அடிப்பக்கத்துல பெருசா ஒரு ஸ்டிக்கர் ஒட்டணும்னு கேட்டான். பாயுற சுறா படம். பக்கவாட்டுல ஒட்டுடா, நாலு பேர் பார்ப்பாங்கன்னேன். இல்ல, அடியிலதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். "மீனுங்களுக்குக் காட்டப் போறியா?"ன்னு கேட்டு நானே வயிறு குலுங்கச் சிரிச்சேன். யாரும் கூடச் சிரிக்கல. இந்த வீட்டுல நகைச்சுவை உணர்ச்சி உள்ளவன் நான் ஒருத்தன்தான்.

ஞாயித்துக்கிழமை பெண்டாட்டியும் மகளும் முன்னாடியே கிளம்பிப் போயிட்டாங்க. நான் சாவகாசமா குளிக்கப் போனேன். விழாவுல மைக்ல என் பேரைச் சொல்லி நன்றி சொல்லப் போறதா செயலாளர் சொல்லியிருந்தார். எந்தச் சட்டை போடலாம், நன்றி சொன்னதும் எழுந்து நிக்கலாமா, உட்கார்ந்தே கையை மட்டும் தூக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே மூஞ்சி பூரா சோப்பு போட்டுட்டு, சோப்பைத் தட்டுல வச்சேன். தட்டு கை பட்டுக் கீழ விழுந்துச்சு. குனிஞ்சு தடவி எடுத்தா ரெண்டு துண்டு.

உடைஞ்சிருந்தா கவலைப்பட்டிருக்க மாட்டேன். அது உடையல. வண்டித் துண்டு தனியா, நான் போட்ட மேட்டு தனியா, நோட்டுப் புத்தகத்துலேர்ந்து அட்டை கழண்ட மாதிரி சுத்தமா பிரிஞ்சு வந்திருந்துச்சு. ரெண்டையும் கண்ணு கிட்ட வச்சுப் பார்த்தேன். வண்டித் துண்டு மேல என் ரெசின் ஒரு பொட்டுகூட ஒட்டியிருக்கல. அதே ரெசின், அதே கிண்ணம், அதே நாள்.

 கண்ணுல சோப்பு எரியுது, தண்ணி விட்டுக் கழுவணும்னு கூடத் தோணல. அந்த எபாக்ஸி டப்பா, கறுப்புத் தூசி, அட்மிரல், எல்லாம் ஒண்ணா வந்து கண்ணு முன்னாடி நிக்குது. அப்புறம்தான் என் பொண்ணு ஞாபகம் வந்துச்சு. முதல்ல அவதான் வந்திருக்கணும். வரல. அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வெக்கமா இருக்கு.

போன் போட்டேன். பெண்டாட்டி எடுக்கல, மகள் எடுக்கல, அட்மிரல் எடுக்கல. அங்க ஒலிபெருக்கி அலறிக்கிட்டு இருக்கும், எவனுக்குக் கேக்கும்? கிடைச்ச சட்டையை மாட்டிக்கிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். காதுக்குப் பின்னாடி சோப்பு, சட்டைப் பித்தான் மேல கீழ மாறிக் கிடக்கு. ஒரு கையில அந்தத் துண்டு ரெண்டும். மணி ஒன்பதே முக்கால்.

ஏரிக்கரையில பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் அமர்க்களம். வண்டி இன்னும் தண்ணியில இறங்கல. சரிவுல, இழுவை வண்டி மேல நின்னுக்கிட்டு இருந்துச்சு. செயலாளர் விசில் ஒண்ணைக் கழுத்துல மாட்டிக்கிட்டு மைக்ல பேசிக்கிட்டு இருந்தார். பாதுகாப்புக் குழு எல்லாப் படகையும் நேரில் பரிசோதிச்சுத் திருப்தி தெரிவிச்சிருக்காம். அந்தக் குழு பரிசோதிச்ச லட்சணம் எனக்குத் தெரியும். பளபளப்பா இருக்கான்னு பார்த்துட்டு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க.

என் மகள் கொடியோட நின்னா. உயிர்காக்கும் ஜாக்கெட் போட்டிருந்தா. ஒண்ணு இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு. பார்க்க மூட்டை கட்டி வச்ச மாதிரி இருந்தா. அந்தப் பதட்டத்துலயும், இது என்ன கோலம்னு எனக்கு எரிச்சல் வந்துச்சு.

"நிறுத்து! வண்டியை இறக்காதே!"

எல்லாரும் திரும்பினாங்க. செயலாளர் முகம் மலர, "இதோ வந்துவிட்டார், இந்த வண்டிக்கு மறுபிறவி கொடுத்த கலைஞர்"னு மைக்ல சொன்னார். கை தட்டினாங்க. வாழ்க்கையில முதல் தடவையா எனக்காக அறுபது பேர் கை தட்டுறாங்க, எனக்கு அதை அனுபவிக்க நேரமில்ல.

"தட்டாதீங்க! ஒட்டு சரியில்ல. நான் போட்டது தப்பு."

கூட்டம் என்னைப் பார்த்துச்சு, செயலாளரைப் பார்த்துச்சு. அப்புறம் செயலாளர், "பாருங்கள், எவ்வளவு தன்னடக்கம்!"னார். மறுபடியும் கை தட்டினாங்க, முன்னைவிடப் பலமா. அந்த ஆளுக்கு என்னைத் தெரியாது. என்னைத் தெரிஞ்சவ ஒருத்தி கூட்டத்துலேர்ந்து ஓடி வந்து என் நெத்தியில கை வச்சா.

"காய்ச்சலா என்ன? என்னமோ உளர்றீங்க?"

"உளறலடி. தப்பு பண்ணிட்டேன்."

"யாரு?"ன்னா என் பெண்டாட்டி.

"நான்."

அவளுக்கு மூஞ்சியில ஈயாடல.

கிளப் ஆளுங்க ரெண்டு பேர் தனியா குசுகுசுன்னு பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. மச்சான் முன்னுக்கு வர்றான், பொறுக்கல போலிருக்குன்னாங்க. அது வேறயா! பிரிஞ்ச சோப்புத் தட்டைக் காட்டினா யாரும் நம்ப மாட்டாங்க, ஒட்டைப் பிரிச்சுக் காட்டினாத்தான் நம்புவாங்கன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு நிமிஷம் கால் தயங்குச்சு. சோப்புத் தட்டு தண்ணியில நனைஞ்சு விட்டுச்சு, சரி. வண்டியில ஒருவேளை பிடிச்சிருந்தா? நல்லா இருக்கிறதைப் பேர்த்து எடுத்தா, பொறாமை பிடிச்சவன்னு ஊர் சொல்லும். பேர்ந்து வந்தா, இருபத்திரண்டு வருஷமா வாய் கிழியப் பேசினவன் மூஞ்சியில கரி. எப்படிப் போனாலும் என் தலைதான் உருளப் போகுது. உருண்டா உருளட்டும்னு விழாவுக்கு வந்திருந்த பெயிண்டரோட பையில எப்பவும் கிடக்கிற சுரண்டுற தகட்டைப் பிடுங்கிட்டு, சரிவுல மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில போனேன்.

சுறா படம் ஒட்டினது சரியா ஒட்டு மேலயே இருந்துச்சு. அதை உரிச்சேன். அதுக்கு அடியில, ஒட்டோட விளிம்பு பூரா, யாரோ வெள்ளை சிலிகான் பசையை நேர்த்தியா பூசியிருந்தாங்க. நான் பூசல. தகட்டு முனையை விட்டு லேசா நெம்பினேன். பலமே கொடுக்கல. ஆறு அடுக்கும் ஜெல்கோட்டும் மெருகும் ஒரே மூடியா கழண்டு என் நெஞ்சு மேல விழுந்துச்சு. உள்ள நான் இழுத்துக் கட்டியிருந்த தகடு டப்புன்னு வயித்துக்குள்ள சரிஞ்சுது. ஓட்டை வழியா நுரைக்கட்டை தெரிஞ்சுது.

எழுந்து வந்து அந்த மூடியை எல்லாரும் பாக்குற மாதிரி தூக்கிப் பிடிச்சேன். இப்ப யாரும் கை தட்டல. செயலாளர் மைக்கை அணைச்சுட்டு, தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி நகர்த்திப் போட்டுக்கிட்டார்.

"மாப்ளே"ன்னேன் அட்மிரல்கிட்ட.  "நீ சொன்னதுதான் சரி. எபாக்ஸிதான் போட்டிருக்கணும்."

இந்த வார்த்தைக்கு அவன் குதிப்பான், கூத்தாடுவான்னு எதிர்பார்த்தேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டினான். கண்ணாடி இல்லாம அவனைப் பார்த்து மாசக்கணக்காச்சு. முகம் வெளிறிக் கிடந்துச்சு.

"தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"வெள்ளிக்கிழமையே ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல் விட்டிருந்துச்சு. நகத்தை விட்டா நகம் போச்சு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் ஸ்டிக்கர்."

 பெயிண்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கிட்டே பேசினார். ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்து அன்னைக்குத்தான் பேசினார்.

"தட்டினா காலி டப்பா மாதிரி சத்தம் வந்துச்சு. சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். குடியிருக்காங்களான்னு கேட்டீங்க. என்னால முடிஞ்சது, சிலிகான் வச்சேன்."

பெண்டாட்டி பக்கம் திரும்பினேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "தம்பி என்கிட்ட சொன்னான். உங்ககிட்ட யாரு வந்து சொல்றது? விழா முடியட்டும், மெதுவா ஓட்டுடா, கரையோரமா போயிட்டு வந்துடுன்னு சொன்னேன். அவளுக்கு ரெண்டு ஜாக்கெட்டா மாட்டிவிட்டேன்"னா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். வழக்கமா வர்ற கோபம் இல்ல, அடியிலேர்ந்து நடுங்கிக்கிட்டு வந்த கோபம்.

"அறிவு இருக்கா உங்களுக்கெல்லாம்? பொண்ணு உயிருடி அது! ஸ்டிக்கர் ஒட்டுறானாம், பசை பூசுறாராம், ஜாக்கெட் மாட்டுறாளாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தருக்குமா தோணல? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

என் குரல் மைக் இல்லாமலே ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போச்சு. அட்மிரல் ஒரு அடி பின்னாடி போனான். பெயிண்டர் தலையைக் குனிஞ்சார். பெண்டாட்டி வாயை முந்தானையால பொத்திக்கிட்டா. மூணு பேரும் வருஷக்கணக்கா பழகின மாதிரி, ஒரே நேரத்துல, ஒரே மாதிரி. அதைப் பார்த்ததும், தூக்கிப் பிடிச்சிருந்த மூடியை இறக்கினேன்.

மகள் மட்டும் நகரல. கொடியை இழுவை வண்டி மேல சாய்ச்சு வச்சுட்டு, மேல இருந்த ஜாக்கெட்டோட கொக்கியைக் கழட்டிக்கிட்டு இருந்தா.

"உனக்கு இது எதுவும் தெரியாதுல்ல?"ன்னு கேட்டேன். தெரியாதுன்னு சொல்லிடணுமேன்னு இருந்துச்சு.

"தெரியும்ப்பா. மாமா சொன்னாங்க."

"தெரிஞ்சுமா ஏற இருந்தே?"

"எனக்கு நீச்சல் தெரியும்"னா. நிதானமா, என் கண்ணைப் பார்த்துச் சொன்னா. "விழுந்தா நீந்தி வந்துடலாம்னு நினைச்சேன். உங்ககிட்ட வந்து, அப்பா இது பிரியுதுன்னு சொல்றதுக்குத்தான் பயமா இருந்துச்சு."

மூணு ஆள் ஆழத் தண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவ தண்ணியைத் தேர்ந்தெடுத்திருக்கா.  அந்த மூடியைக் கீழ போட்டுட்டு இழுவை வண்டியைப் பிடிச்சுக்கிட்டேன்.

கூட்டம் மெல்லக் கலைய ஆரம்பிச்சுது. யாரோ ஒலிபெருக்கியில பாட்டைப் போட்டுட்டு, உடனே நிறுத்தினாங்க.  குரலை எவ்வளவு தணிக்கணும்னு தெரியல, தணிச்சுப் பழக்கமில்ல. கடைசியில என் காதுக்கே கேக்காத மாதிரி கேட்டேன்.

"வேற என்னம்மா சொல்லாம வச்சிருக்கே?"

அவ ரெண்டாவது ஜாக்கெட்டையும் கழட்டிச் சிமெண்டுச் சரிவுல போட்டா. அது மேல உட்கார்ந்தா. பக்கத்துல இடம் விட்டா.

"உட்காருங்க"ன்னா. "நிறைய இருக்கு."